கடைசி பல்ஸும் மேடத்தோட வீட்டுக்காரரும்

மேடம்: ...இல்ல சார், நாளைக்கு வேண்டாம். நாளைக்கு அவர் இருக்க மாட்டார்.

சார்: யாரு?

மேடம்: யாருன்னா... எங்க வீட்டுக்காரர்தான்.

சார்: ஓ. எங்க போறார்?

மேடம்: வெளியூர். திடீர்னு கூப்பிட்டுட்டாங்க.

சார்: ரிட்டயர் ஆனவரை யாரு மேடம் திடீர்னு கூப்பிடுறது?

மேடம்: பழைய ஆபீஸ்லதான். ஏதோ வரைபடத்துல சந்தேகமாம். அவர் போட்டது, அவருக்குத்தான் புரியுமாம்.

சார்: எப்ப திரும்புவார்?

மேடம்: ரெண்டு நாள் ஆகலாம்... பத்து நாளும் ஆகலாம். யார் கண்டா?

சார்: பரவாயில்ல. நான் வர்றது பெட்டியை ஒப்படைக்க. ஆபீஸ் உத்தரவு மேடம், நானாக் கேட்டு வாங்கல. இருபத்தொரு வருஷ ரெக்கார்டு, எட்டுப் பெட்டி. 'ரிசீவிங் ஸ்டேஷனில் நேரில் ஒப்படைத்துக் கையெழுத்து பெறவும்'னு போட்டிருக்கு. நேரில்னா நேரில்.

மேடம்: லாரியில ஏத்தி அனுப்பிடுங்களேன். கையெழுத்துப் போட்டு அதே லாரியில திருப்பி அனுப்பிடறேன்.

சார்: நல்லா இருக்கு நியாயம்! நடுவுல வெறும் இருநூறு கிலோமீட்டர். இருபத்தொரு வருஷம் தினம் போன்லயே பேசியிருக்கோம். கடைசியில லாரி டிரைவர் வந்து உங்க முகத்தைப் பார்ப்பான், நான் பார்க்கக் கூடாதா?

மேடம்: அய்யோ, அதுக்கில்ல சார்... வீடெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு...

சார்: வீட்டுக்கு யார் வந்தா? ஸ்டேஷனுக்குத்தானே வர்றேன்.

மேடம்: வந்தா வீட்டுக்குக் கூப்பிடாம இருக்க முடியுமா? ...சார், மூணரை ஆச்சு. ரீடிங்.

சார்: பேச்சை மாத்துறதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்ல. பல்ஸ் போய்க்கிட்டுத்தான் இருக்கு. வருதா?

மேடம்: வருது. தரையலை ஜம்முனு நிக்குது. வானலை அது பாட்டுக்குப் பின்னால... இருங்க... நூத்தி அம்பத்தொம்பது.

சார்: நூத்தி அம்பத்தொம்பது மைக்ரோ செகண்ட். அப்ப உயரம்?

மேடம்: எழுபத்திமூணு கிலோமீட்டர். உச்சி வெயில்ல எழுபது இருந்துச்சு. வெயில் சாயச் சாய மேல ஏறுது.

சார்: எழுதிக்கிட்டேன். ஸ்டேஷனை மூட இன்னும் ரெண்டு ரீடிங்தான். மூணே முக்கால்... நாலு.

மேடம்: சொல்லாதீங்க சார்.

சார்: நான் சொல்லலைன்னா நாலு மணி அடிக்காதா?

எலக்ட்ரீஷியன்: சார்! மெயின் போர்டு எங்க இருக்கு?

மேடம்: யாரது அங்க?

சார்: எலக்ட்ரீஷியன் மேடம். கரன்ட்டைக் கட் பண்ண அனுப்பியிருக்காங்க. நாலு மணிக்கு வரச் சொன்னா மூணரைக்கே ஏணியும் கையுமா வந்து நிக்கிறார். ...அந்தக் கதவுக்குப் பின்னாடிப்பா. தொட்டுடாதே, ஓடிட்டிருக்கு!

எலக்ட்ரீஷியன்: என்ன ஓடுது? ஒரு சத்தமும் காணோமே.

சார்: சத்தம் கேக்காது. வெளியில உயரமா நிக்குதே கம்பம், அது வழியா ரேடியோ பல்ஸ் போகுது. போகும்போதே ரெண்டு வழியா போகும். ஒண்ணு தரையை ஒட்டியே போய் மேடத்துக்கிட்ட சேரும். இன்னொண்ணு வானத்துக்கு ஏறி, அங்க ஒரு படலத்துல பட்டுத் திரும்பி வந்து சேரும். சுத்திக்கிட்டு வர்றதால கொஞ்சம் லேட்டு. எவ்வளவு லேட்டுன்னு மேடம் அளப்பாங்க. அதை வச்சு அந்தப் படலம் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு கணக்குப் போடலாம்.

எலக்ட்ரீஷியன்: இதையா இருபத்தொரு வருஷமாப் பண்ணீங்க?

சார்: இதைத்தான்.

எலக்ட்ரீஷியன்: ஏரோப்ளேன்ல ஏறிப் போய்ப் பார்த்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்குமே?

சார்: ஏரோப்ளேன் அங்க எட்டாது. பலூனும் எட்டாது. சாட்டிலைட் அவ்வளவு கீழ இறங்கினா எரிஞ்சு போயிடும். ராக்கெட் போனாலும் ரெண்டு நிமிஷத்துல தாண்டிடும். யாரும் போய் நிக்க முடியாத இடம்பா அது. இங்கேருந்து கூப்பிட்டுப் பார்த்துக்க வேண்டியதுதான்.

மேடம்: அவர்கிட்ட என்ன சார் விளக்கம்? நம்ம ஹெட் ஆபீசுக்கே அது புரியல. அலைவரிசையைத் தூக்கி வேற யாருக்கோ குடுத்துட்டாங்க.

எலக்ட்ரீஷியன்: லிஸ்ட்ல டெலிபோனும் இருக்கு சார். கரன்ட் முதல்ல, டெலிபோன் அப்புறம்.

மேடம்: ...டெலிபோனுமா?

சார்: டைரக்ட் லைன் டிரான்ஸ்மிட்டரோட ஒட்டிப் பிறந்தது மேடம். போனா ரெண்டும் சேர்ந்துதான் போகும். உங்க வீட்டு நம்பரைத்தான் நீங்க கடைசிவரைக்கும் குடுக்கல.

மேடம்: அவருக்குப் பிடிக்காது சார். போன் மணி அடிச்சாலே வேர்த்துக் கொட்டிடும் அவருக்கு.

சார்: ஒரே ஒரு நாள், 'வணக்கம்'னு ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

மேடம்: கூச்ச சுபாவம்.

சார்: இருபத்தொரு வருஷக் கூச்சம்.

மேடம்: சில பேர் அப்படித்தான்.

சார்: சரி, அதை விடுங்க. அவருக்கு ஒரு சட்டை எடுத்து வச்சிருக்கேன். கொண்டு வர்றேன்.

மேடம்: எதுக்கு சார் அதெல்லாம்?

சார்: இருக்கட்டும். என்கிட்ட இவ்வளவு அக்கறையா இருந்த மனுஷன். அளவுதான் தெரியல, குத்துமதிப்பா எடுத்தேன். உயரமானவரா?

மேடம்: ம்... உயரம்தான்.

சார்: போன வருஷம் பரண் மேல இருந்த பெட்டியை எடுக்க நாற்காலி போட்டு ஏறினார்னு சொன்னீங்க?

மேடம்: அது... ரொம்ப உயரமான பரண் சார்.

சார்: ஒல்லியா?

மேடம்: இப்ப கொஞ்சம் சதை போட்டிருக்கு.

சார்: அப்ப பெரிய சைஸா மாத்திடலாமா?

மேடம்: சார், போதும் விடுங்க. சட்டையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்.

சார்: ஏன் மேடம் கோவம்?

மேடம்: கோவம் இல்ல. ...அவர் நேத்துகூட உங்களைப் பத்திதான் பேசிட்டிருந்தார்.

சார்: அப்படியா? என்ன சொன்னார்?

மேடம்: 'ஸ்டேஷனை மூடிட்டா அந்த மனுஷன் என்ன பண்ணுவார்? மூணு வேளையும் ஓட்டல் பார்சல். வீட்டம்மா போய் இருபத்திமூணு வருஷம் ஆச்சு, ஒரு துணை தேடிக்கல. ஹெட் ஆபீஸ் ஸ்டோர் ரூம்ல ஒரு மூலையில உட்கார வச்சிடுவாங்க. சாப்பிட்டாரா தூங்கினாரான்னு கேக்க ஆள் வேணாமா?' அப்படின்னார்.

சார்: அவர் சொன்னாரா?

மேடம்: அவர்தான்.

சார்: ...நல்ல மனுஷன்.

மேடம்: ம்.

சார்: என் இருமலைக்கூட அவர்தானே கண்டுபிடிச்சார்? போன மழையப்ப. 'அது சாதாரண இருமல் இல்ல, டாக்டர்கிட்டப் போகச் சொல்லு'ன்னு. போனேன். நெஞ்சுல சளி கட்டியிருந்துச்சு. நான் பேசிக் கேக்காதவருக்கு என் இருமல் எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னிக்கும் எனக்கு ஆச்சரியம்.

மேடம்: நான் இருமிக் காட்டினேன்.

சார்: என்னை மாதிரியேவா?

மேடம்: ஆமா. உங்களை மாதிரியே பேசியும் காட்டுவேன். சிரிப்பார்.

சார்: எங்கே, இப்ப ஒரு தடவை...

மேடம்: சார், மூணே முக்கால்.

சார்: மறுபடியும் தப்பிச்சுட்டீங்க. சொல்லுங்க.

மேடம்: நூத்தி அறுபத்தொண்ணு. ஒழுங்காத்தான் ஏறுது.

சார்: அறுபத்தொண்ணு... எழுதியாச்சு. இதுதான் கடைசிக்கு முந்தினது.

மேடம்: உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா சார்?

சார்: தோணுறதை எல்லாம் லாக் புக்ல எழுத முடியாது மேடம்.

மேடம்: ...

சார்: மேடம்? இருக்கீங்களா?

மேடம்: சார், ஒரு நிமிஷம்... ஒரு நிமிஷம் இருங்க.

சார்: என்ன ஆச்சு?

மேடம்: வானலை நகருது.

சார்: நகராம என்ன பண்ணும்? சாயங்காலம் ஆகப் போகுது...

மேடம்: அந்தப் பக்கம் இல்ல சார். இந்தப் பக்கம்! தரையலையைப் பார்த்து வருது. நூத்தி அம்பத்தெட்டு... நூத்தி அம்பத்திமூணு...

சார்: ரிசீவர்ல ஏதாவது கோளாறா? கேபிளைத் தட்டிப் பாருங்க.

மேடம்: தட்டிட்டேன். தரையலை அசையவே இல்ல. மேலேருந்து வர்றது மட்டும்தான் ஓடி வருது. நூத்தி நாப்பத்தஞ்சு! சார், சூரியன்ல ஏதோ வெடிச்சிருக்கு!

சார்: நிஜமாவா?

மேடம்: வேற என்ன இவ்வளவு வேகமாக் கீழ இறக்கும்? எட்டு நிமிஷம் முன்னாடி அங்க வெடிச்சது இப்ப நம்ம தலை மேல வந்து விழுது. நூத்தி முப்பத்தெட்டு... அலை சின்னதாயிட்டே வேற போகுது... டிரான்ஸ்மிட்டர் பவர் சரியா இருக்கா பாருங்க, பவர் குறையக் கூடாது!

சார்: பார்த்துட்டேன், சரியா இருக்கு. எழுதுறேன், நீங்க சொல்லிக்கிட்டே இருங்க.

மேடம்: நூத்தி முப்பத்தஞ்சு. மூணு. ரெண்டு... ரெண்டு... நின்னுடுச்சு. நூத்தி முப்பத்திரெண்டு!

சார்: அப்படின்னா...

மேடம்: அறுபத்தாறு கிலோமீட்டர். அஞ்சே நிமிஷத்துல எட்டு கிலோமீட்டர் கிட்ட இறங்கியிருக்கு. இப்படி ஒண்ணைப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு சார்!

சார்: நாலு வருஷம். அன்னிக்கு நீங்க போன்ல கத்தின கத்துல என் காது அடைச்சுப் போச்சு.

மேடம்: கத்தினேனா?

சார்: இப்பவும்தான் கத்துறீங்க.

எலக்ட்ரீஷியன்: சார், மணி நாலு ஆகப் போகுது. இறக்கிடட்டுமா?

மேடம்: வேண்டாம்! சார், அவர்கிட்ட வேண்டாம்னு சொல்லுங்க! இறங்கினது பாதிதான். இது திரும்ப எப்படி ஏறுதுன்னு பார்க்கணும். அது இல்லாம இந்த ரீடிங்குக்கு மதிப்பே இல்ல.

சார்: தம்பி... ஒரு உதவி.

எலக்ட்ரீஷியன்: சார், எனக்கு நாலுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அஞ்சரைக்கு பஸ். அதை விட்டா ராத்திரி இங்கதான் படுக்கணும்.

சார்: அஞ்சரைக்கு பஸ் ஏத்தி விடுறது என் பொறுப்பு. இது பழையபடி ஏறினதும் நானே சொல்றேன், இறக்கிடு. யாராவது கேட்டா நான்தான் தடுத்தேன்னு சொல்லு. எழுதியே தர்றேன்.

எலக்ட்ரீஷியன்: ...எவ்வளவு நேரம் ஆகும்?

சார்: மேடம், எவ்வளவு நேரம்?

மேடம்: முக்கால் மணி நேரம். கூடவும் ஆகலாம்.

சார்: அரை மணி நேரம்பா.

எலக்ட்ரீஷியன்: அவங்க சொன்னது எனக்கும் கேட்டுச்சு சார். சரி, நான் போய் டீ குடிச்சிட்டு ஏணியைக் கட்டிட்டு வர்றேன். வந்ததும் இறக்கிடுவேன்.

சார்: போயிட்டு வாப்பா. புண்ணியமாப் போகும்.

மேடம்: போயிட்டாரா?

சார்: போயிட்டார்.

மேடம்: அப்பாடா... கத்தினதுல குரலே போயிடுச்சு.

சார்: தண்ணி குடிங்க.

மேடம்: நூத்தி முப்பத்தஞ்சு. ஏற ஆரம்பிச்சிடுச்சு.

சார்: எழுதிக்கிட்டேன். ...மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?

மேடம்: கேளுங்க.

சார்: இன்னிக்கு இப்படி நடந்துச்சுன்னு வீட்டுக்குப் போய் அவர்கிட்டச் சொல்லுவீங்களா?

மேடம்: ...சொல்லுவேன்.

சார்: என்ன சொல்லுவார்?

மேடம்: 'போற நேரத்துல ஒரு நல்லது நடந்துச்சே'ன்னு சொல்லுவார்.

சார்: இன்னும்?

மேடம்: இன்னும் என்ன? அவ்வளவுதான்... நூத்தி நாப்பது.

சார்: மணி நாலு பத்து. நூத்தி நாப்பது. ...எனக்கு ஒரு கவலை மேடம். நாளையிலேருந்து அவர் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியாமப் போயிடுமே.

மேடம்: சார்...

சார்: சும்மா சொன்னேன்.

மேடம்: உங்களுக்கு எப்பவும் விளையாட்டுதான்.

சார்: விளையாட்டு இல்லைன்னா இந்தக் கொட்டகையில இத்தனை வருஷம் தள்ளியிருக்க முடியுமா? சுத்திலும் முள்ளும் புதரும். காலையில கதவைத் திறந்தா பல்லி, சாயங்காலம் பூட்டினா அதே பல்லி. நடுவுல நீங்க.

மேடம்: பல்லிக்கு அடுத்தபடியா நானா?

சார்: பல்லி பேசாதே.

மேடம்: இங்க பல்லிகூட இல்ல சார். மின்விசிறி ஒண்ணு கடகடங்கும். அதையும் போன மாசம் கழட்டிட்டாங்க.

சார்: இப்ப என்ன நம்பர்?

மேடம்: நூத்தி நாப்பத்தாறு.

சார்: மெதுவா ஏறட்டும். அவசரம் இல்ல.

மேடம்: நாம சொன்னா கேக்குமா அது?

சார்: கேக்காதுதான்.

மேடம்: ...நூத்தி அம்பத்தொண்ணு. நாலு இருபத்தஞ்சு.

சார்: ம்.

மேடம்: சார், இருக்கீங்களா?

சார்: இங்கதான் இருக்கேன்.

மேடம்: சத்தமே காணோமேன்னு பார்த்தேன்.

சார்: உங்க பக்கம் ஏதோ குருவி கத்துது. கேட்டுட்டிருந்தேன்.

மேடம்: தினம் கத்துறதுதான்.

சார்: தினம் நாம பேசிட்டே இருந்ததால காதுல விழல.

மேடம்: ...நூத்தி அம்பத்தேழு.

சார்: ...

மேடம்: ...

சார்: இப்ப?

மேடம்: இருங்க.

சார்: இன்னும் ஏறலையா? அவர் வாசல்ல ஏணியை வச்சுட்டார், சத்தம் கேக்குது. ஏறலைன்னா சொல்லுங்க, இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்க்கிறேன்.

மேடம்: ...

சார்: மேடம்?

மேடம்: ஏறிடுச்சு சார். நூத்தி அறுபத்தஞ்சு. இந்த நேரத்துக்கு எங்க இருக்கணுமோ அங்க வந்து நின்னுடுச்சு. பத்து நிமிஷமா அங்கதான் நிக்குது.

சார்: பத்து நிமிஷமாவா?

மேடம்: ஆமா. இன்னும் ஏறலன்னு சொல்லிடலாமான்னு பார்த்தேன். வாய் வரல. நம்பர்ல பொய் சொன்னதே இல்ல நான். இருபத்தொரு வருஷத்துல ஒரு நாள்கூட.

சார்: தெரியும்.

மேடம்: நம்பர்ல மட்டும்தான் சொல்லல. நாளைக்கு நீங்க வந்தா அவர் இருக்க மாட்டார் சார்.

சார்: சொன்னீங்களே, வெளியூர்.

மேடம்: வெளியூர் இல்ல. அவர்... இல்ல.

சார்: இல்லைன்னா?

மேடம்: இல்லைன்னா இல்ல.

சார்: எப்பலேர்ந்து?

மேடம்: எப்பவுமே. வரைபடம் போடுறவர், போன்னா வேர்க்கும், நாற்காலி போட்டுப் பரண்ல ஏறினார்... எல்லாம் நானாச் சொன்னது. யாருமே கிடையாது. கழுத்துல தாலியும் கிடையாது, வீட்ல ரெண்டாவது தட்டும் கிடையாது.

சார்: ...

மேடம்: ஏதாவது பேசுங்க சார்.

சார்: ஏன் அப்படிச் சொன்னீங்க?

மேடம்: முதல் நாள். எனக்கு அப்ப இருபத்தேழு வயசு. சுத்தி ஒரு மைலுக்கு ஆள் நடமாட்டம் கிடையாது. இந்த போன் மணி அடிச்சுது. எடுத்தேன். முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆம்பளைக் குரல், 'அங்க தனியாவா இருக்கீங்க?'ன்னுது.

சார்: நானா?

மேடம்: நீங்கதான். 'இல்ல, எங்க வீட்டுக்காரர் கூட இருக்கார்'னு சொன்னேன். யார் கேட்டாலும் சொல்ல அப்படி ஒரு பதிலைத் தயாரா வச்சிருந்தேன்.

சார்: அடக் கடவுளே... ரிசீவர் நாப்பது கிலோ மேடம். அதை மேசை மேல தூக்கி வைக்க ஆள் இருக்கான்னு கேட்டேன்.

மேடம்: தெரியும். அதுக்கடுத்த வார்த்தையிலேயே தெரிஞ்சு போச்சு. ஆனா சொன்னது சொன்னதுதானே? மறுநாள், 'வீட்டுக்காரர் சௌக்கியமா?'ன்னு கேட்டீங்க. சௌக்கியம்னேன். அதுக்கப்புறம் அவரை எங்க நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியல.

சார்: நாப்பது கிலோவை யார் தூக்கினா?

மேடம்: நான்தான். கீழ புத்தகத்தை அடுக்கி, ஒரு பக்கமா நெம்பி நெம்பி... ரெண்டு மணி நேரம் ஆச்சு. அப்புறம் அவர் இருக்கிறது எனக்கே வசதியாப் போச்சு சார். நான் சொன்னா நல்லா இருக்காதுங்கறதை எல்லாம் அவர் சொன்னார்னு சொல்லிடலாம். 'சாப்பிட்டீங்களா'ன்னு அவர் கேக்கலாம். டாக்டர்கிட்டப் போங்கன்னு அவர் அதட்டலாம். அதெல்லாம் நான்தான் சார். நான்தான் சொன்னேன்.

எலக்ட்ரீஷியன்: சார், ஏறிடுச்சா?

சார்: ...ஏறிடுச்சுப்பா. இறக்கிடு.

மேடம்: இப்பவேவா?

சார்: வாக்குக் குடுத்துட்டேன் மேடம். ஸ்கோப் திரையைப் பாருங்க.

மேடம்: பார்க்கிறேன்.

எலக்ட்ரீஷியன்: இறக்கியாச்சு.

மேடம்: ...போயிடுச்சு. ரெண்டு அலையும் போயிடுச்சு. வெறும் கோடு.

சார்: நாலு நாப்பத்திரெண்டு. கடைசி ரீடிங் நூத்தி அறுபத்தஞ்சு. எழுதிட்டேன்.

எலக்ட்ரீஷியன்: போனையும் கழட்டிடட்டுமா சார்?

சார்: அஞ்சு நிமிஷம் குடுப்பா. வெளிய நில்லு, நானே கூப்பிடுறேன். ...மேடம்.

மேடம்: திட்டப் போறீங்களா?

சார்: எனக்குத் தெரியும்.

மேடம்: என்ன தெரியும்?

சார்: அவர் இல்லைன்னு. எட்டு வருஷமாத் தெரியும்.

மேடம்: ...என்ன சார் சொல்றீங்க?

சார்: அவருக்கு வயித்துல கட்டி, ஆபரேஷன், கூட இருந்து பார்த்துக்கணும்னு ஒரு வாரம் லீவு போட்டீங்களே...

மேடம்: ...ஆமா.

சார்: ரிசீவர் ஓடலைன்னா நான் யாருக்கு பல்ஸ் அனுப்புறது? நானும் நிறுத்திட்டு பஸ் ஏறினேன். மனுஷன் படுத்திருக்கார், ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடலாம்னு. உங்க ஊர் பெரிய ஆஸ்பத்திரியில ஆம்பளைங்க வார்டு முழுக்கத் தேடினேன். அப்படி யாரும் இல்லைன்னுட்டாங்க.

மேடம்: அய்யோ...

சார்: திரும்பிடலாம்னு நினைச்சேன். அப்ப ஒரு நர்ஸ், 'ரேடியோ ஆபீஸ்னா சொன்னீங்க? ரேடியோ ஆபீஸ் அம்மா ஒருத்தங்க பொம்பளைங்க வார்டுல இருக்காங்களே'ன்னாங்க. 'கூட யாருமே வரல. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடக்கூட ஆள் இல்ல, அவங்களே போட்டுக்கிட்டாங்க'ன்னாங்க. கதவுக்கிட்ட நின்னு பார்த்தேன். நீங்க தூங்கிட்டிருந்தீங்க. பக்கத்துல யாராவது உட்கார ஒரு ஸ்டூல் போட்டிருந்தாங்க. காலியா இருந்துச்சு.

மேடம்: அந்த ஆரஞ்சுப் பழம்... 'ஆபீஸ்லேருந்து வந்தது'ன்னு நர்ஸ் குடுத்தாங்களே, அது...

சார்: ஆபீஸ்லேருந்துதானே வந்தேன்.

மேடம்: எழுப்பியிருக்கலாமே சார்! ஏன் எழுப்பல?

சார்: எழுப்பினா நீங்க அவரைப் பத்தி ஏதாவது சொல்லியாகணும். வலியோட படுத்திருக்கிறவங்களை அந்த நிலைமையில மாட்டி விடணுமா? அதுவும் இல்லாம... பொய் உடைஞ்சு போனா, அந்த வெக்கத்துல நீங்க அப்புறம் என்கூட நம்பரைத் தவிர வேற எதுவும் பேச மாட்டீங்களோன்னு பயம்.

மேடம்: எட்டு வருஷம்! எட்டு வருஷமா எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு... இன்னிக்குச் சட்டை சைஸ் வேற கேக்குறீங்க!

சார்: இன்னிக்காவது சொல்லிடுவீங்களான்னு பார்த்தேன். இதுக்கப்புறம் கேக்க லைன் கிடையாதே.

மேடம்: நான் வேலைக்குத் திரும்பின அன்னிக்கு முதல் கேள்வியே, 'அவருக்குத் தையல் பிரிச்சாச்சா?'ன்னு கேட்டீங்க.

சார்: கேட்டேன்.

மேடம்: மறுநாள், 'அவரால ஒருக்களிச்சுப் படுக்க முடியுதா?'ன்னீங்க. அதுக்கடுத்த நாள், 'கனமா எதையும் தூக்க வேண்டாம்னு சொல்லுங்க'ன்னீங்க. ஒரு மாசம் விடாமக் கேட்டீங்க. நானும் உட்கார்ந்து பதில் சொன்னேன். அப்படி ஒரு ஆளே இல்லைன்னு தெரிஞ்சும் எதுக்கு சார் அவரைப் போய் அப்படி விசாரிச்சீங்க?

சார்: உங்களுக்கு வலிக்குதான்னு நான் வேற எப்படி மேடம் கேக்கிறது?